போதிய மின்சாரம் என்றால் எத்தனை கிலோவாட்?

மறுபடியும் அதே கதை. மருத்துவப் பரிசோதனைக் கூடம் நடத்துபவர்கள், வணிகக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். உள் அலங்காரம் முடிந்து, கருவிகள் வந்திறங்கி, திறப்பு விழாவுக்கு அழைப்பிதழும் அச்சான பிறகு என்னை அழைத்தார்கள். கருவிகளைச் சேர்த்து ஓடவிட்டால் பிரதான பிரேக்கர் விழுந்துவிடுகிறது. மாலையில் அலுவலக நேரம் முடிந்ததும் மைய ஏசி நின்றுவிடுகிறது. குளிர்பெட்டிகள் வெளியேற்றும் வெப்பத்தால் அந்த அறை விடிவதற்குள் வெந்துபோகிறது. ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தேன். வண்டி நிறுத்துமிடத்துக்கு ஒன்றரைப் பக்கம். பெயர்ப்பலகையின் நீள அகலத்துக்கு அரைப் பக்கம். மின்சாரத்துக்கும் ஏசிக்கும் சேர்த்து ஒரே ஒரு வரி: “போதிய மின்சார வசதியும் மையக் குளிரூட்டல் வசதியும் உரிமையாளரால் வழங்கப்படும்.”

உரிமையாளர் பொய் சொல்லவில்லை. மின்சாரம் இருக்கிறது, ஏசியும் இருக்கிறது. எவ்வளவு என்று இவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது இரு தரப்பு வழக்கறிஞர்களும் அந்த ஒரு வரிக்குப் பொருள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மின்சாரம், ஏசி போன்றவற்றை வடிவமைக்கும் என் போன்ற கட்டடச் சேவைப் பொறியாளர்களை ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்னால் யாரும் கூப்பிடுவதில்லை. சண்டை வந்த பிறகுதான் எங்கள் ஞாபகம் வரும். அதனால் ஒரே விஷயத்தை எத்தனை முறை சொல்லியும் அலுக்காமல் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: வசதி இருப்பது வேறு, அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பது வேறு.

“கீழே பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது, நான் கண்ணால் பார்த்தேன்” என்பார்கள். பார்த்தீர்கள், சரி. அது 500 கேவிஏ (மொத்த மின்திறனின் அளவு) ட்ரான்ஸ்ஃபார்மர் என்றே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து லிஃப்ட், தண்ணீர் பம்பு, பொது விளக்குகள், மைய ஏசி எல்லாம் போக மிச்சம்தான் எல்லாத் தளங்களுக்கும். உங்கள் தளத்துக்கு வரும் பிரேக்கர் 63 ஆம்பியர் மும்முனை என்றால், 415 வோல்ட்டில் அதன் முழு அளவே ஏறத்தாழ 45 கேவிஏதான். பிரேக்கரை நாள் முழுக்க விளிம்பில் ஓட்டக்கூடாது. 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்ல வழக்கம். ஆக 36 கேவிஏ. மின்திறன் காரணி (கேவிஏவில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) 0.9 இருந்தால் கையில் கிடைப்பது 32 கிலோவாட் சொச்சம். கீழே நிற்கும் 500ஐப் பார்த்துவிட்டு மேலே நீங்கள் கையெழுத்திட்டது இந்த 32க்கு.

“அப்படியானால் பெரிய பிரேக்கர் மாட்டிவிடுங்கள்” என்பது அடுத்த வாக்கியம். ஒவ்வொரு முறையும் வரும். அதைச் சொல்பவர் மேல் கோபம் வருவதில்லை. “ஆகட்டும் சார், மாட்டிடலாம்” என்று தலையாட்டும் எலக்ட்ரீஷியன் மேல்தான் வருகிறது. பிரேக்கர் மின்சாரத்தைத் தயாரிப்பதில்லை. பின்னால் இருக்கும் கேபிளைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது. 63 ஆம்பியருக்குப் போட்ட கேபிளில் 100 ஆம்பியர் பிரேக்கரை மாட்டினால், காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்ததற்குச் சமம். சுமை, அதாவது இழுக்கும் மின்சாரம், கூட வேண்டுமென்றால் கேபிள் மாற வேண்டும், கீழே பேனலில் இடம் இருக்க வேண்டும், ட்ரான்ஸ்ஃபார்மரில் மிச்சம் இருக்க வேண்டும், மின் விநியோக நிறுவனம் கட்டடத்துக்கு அனுமதித்த சுமைக்குள் அது அடங்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் வேலை நடக்காது. நான்கும் இருந்தாலும், செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்காது.

இன்னொன்றும் உண்டு. கட்டடம் கட்டுபவர்கள் ஒவ்வொரு தளத்துக்கும் ஒதுக்கிய சுமையைக் கூட்டினால் ட்ரான்ஸ்ஃபார்மரின் திறனைத் தாண்டும். இது மோசடி இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் உச்ச அளவில் இழுப்பதில்லை என்ற கணக்கில் நாங்களே அப்படித்தான் வடிவமைக்கிறோம். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள், ஒரு தளத்தில் மாலைநேரப் பயிற்சி மையம் என்று கலந்திருந்தால் கணக்கு நிற்கும். எல்லாத் தளமும் அலுவலகமாகிவிட்டால், பிற்பகல் மூன்று மணிக்கு அனைவரின் உச்சமும் ஒன்றாக வந்து சேரும். அப்போது கடைசியாகக் குடிவந்தவருக்குத்தான் “நீங்கள் அதிகம் இழுக்கிறீர்கள்” என்ற கடிதம் வரும். எழுத்தில் எண் இல்லாதவர் அந்தக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவார்?

ஆகவே ஒப்பந்தத்தில் எண் வேண்டும். இத்தனை கேவிஏ, இத்தனை முனை, எந்த இடத்தில் ஒப்படைக்கப்படும், தனி மீட்டரா, பொது மீட்டரிலிருந்து பிரிவு மீட்டரா, வழியில் ஆகும் மின் இழப்பு யார் கணக்கில். கூடுதல் சுமை கேட்டால் எத்தனை நாளில் பதில், யார் செலவில். கிலோவாட் என்று எழுதினால் மின்திறன் காரணியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். 100 கேவிஏ என்பது 0.8 காரணியில் 80 கிலோவாட்தான்.

ஜெனரேட்டருக்கு வருவோம். “முழு மின் காப்பு உண்டு” என்று விளம்பரத்தில் பார்த்தேன் என்பார்கள். விளம்பரம் ஒப்பந்தம் ஆகாது. பல கட்டடங்களில் பொது ஜெனரேட்டர் லிஃப்ட், தீயணைப்பு பம்பு, படிக்கட்டு விளக்கு, தளத்துக்குச் சில கிலோவாட் என்பதோடு நின்றுவிடும். ஏசி அதில் இருக்காது. இருந்தாலும், மின்சாரம் போய் ஜெனரேட்டர் சுமையை ஏற்கச் சில விநாடிகள் ஆகும். கணினிகளுக்கும் ஆய்வகக் கருவிகளுக்கும் யுபிஎஸ் உங்கள் பொறுப்பு. அதன் பேட்டரிகள் கனமானவை. அலுவலகத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 2.5 முதல் 4 கிலோநியூட்டன் (ஏறத்தாழ 250 முதல் 400 கிலோ) எடையைத் தாங்கத்தான் வடிவமைக்கப்படுகின்றன. பேட்டரி அடுக்கு அதை எளிதில் தாண்டும். எங்கே வைக்கலாம் என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டுவிட்டு வைக்கவும்.

ஏசி விஷயத்தில் மக்கள் டன்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு டன் என்பது 3.517 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். எத்தனை டன் என்பதை விட, எதற்காகக் கணக்கிட்ட டன் என்பதுதான் கேள்வி. 200 சதுர மீட்டர் தளம் ஒன்றை, பத்து சதுர மீட்டருக்கு ஒருவர் என்ற கணக்கில் 20 பேருக்கு வடிவமைத்திருப்பார்கள். வாடகைக்கு வந்தவர் மேசைகளை நெருக்கிப்போட்டு 50 பேரை உட்கார வைப்பார். உட்கார்ந்து வேலை செய்யும் மனிதர் ஒருவர் ஏறத்தாழ 120 வாட் வெப்பம் விடுகிறார். கூடுதல் 30 பேரால் 3.6 கிலோவாட், ஒரு டன் போய்விட்டது. அவர்களுடைய கணினிகளும் திரைகளும் இன்னொரு டன் கேட்கும்.

காற்றையும் பாருங்கள். ஏசி, காற்றோட்டம் பற்றிய அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 62.1 தரநிலை அலுவலகத்துக்கு ஆளுக்கு விநாடிக்கு 2.5 லிட்டரும், சதுர மீட்டருக்கு 0.3 லிட்டரும் வெளிக்காற்று வேண்டும் என்கிறது. 20 பேருக்கு விநாடிக்கு 110 லிட்டர் போதும். 50 பேருக்கு 185 வேண்டும். அந்தக் கூடுதல் காற்றைக் குளிர்விக்க, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊரென்றால் இன்னும் ஏறத்தாழ ஒரு டன். பிற்பகலில் தலைவலி, தூக்கம், “ஏசி சரியில்லை” என்ற புகார். பராமரிப்பாளர் வந்து வடிகட்டியைத் துடைத்துவிட்டுப் போவார். அவர் வேறென்ன செய்ய முடியும்?

உள்ளே எத்தனை டிகிரி, எந்த ஈரப்பத வரம்பில், வெளியே எவ்வளவு வெப்பம் இருக்கும்போது, எத்தனை பேருக்கு, சதுர மீட்டருக்கு எத்தனை வாட் கருவிச் சுமைக்கு, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை. இவை ஒப்பந்தத்தின் இணைப்பில் இருந்தால்தான் “குளிரவில்லை” என்பது நிரூபிக்கக்கூடிய புகாராகும். நேரத்துக்கு வெளியே ஓட்டினால் மணிக்கு எவ்வளவு கட்டணம் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். இரவிலும் ஓட வேண்டிய அறை இருந்தால் தனி ஏசி கட்டாயம். அதன் வெளி யூனிட் எங்கே நிற்கும், குழாய் எந்த வழியாகப் போகும், கசியும் நீர் எங்கே வடியும் என்பதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். முகப்பில் தொங்கவிட எந்த உரிமையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதில் தவறும் இல்லை.

சமையலறை வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூரை வரை புகைபோக்கிக் குழாய் போக வழியில்லாத இடத்தைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். வெளியேற்றும் காற்றுக்கு ஈடான காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். இல்லையென்றால் கதவைத் திறக்க இருவர் இழுக்க வேண்டும், அடுப்புப் புகை கூடத்துக்கு வரும்.

தடுப்புச் சுவர்கள் எழுப்பும்போது, தீப்பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரை மறந்துவிடுகிறார்கள். குறைந்த அபாய இடங்களில் இரண்டு ஸ்பிரிங்க்ளர்களுக்கு நடுவே அதிகபட்சம் 4.6 மீட்டர் என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 13 தரநிலையின் அளவு. திறந்த தளத்துக்கு வைத்த வரிசையை நடுவில் சுவர் எழுப்பி வெட்டினால், ஒரு அறையில் இரண்டு இருக்கும், அடுத்த அறையில் ஒன்றுமே இருக்காது. மாற்ற வேண்டுமென்றால் பொதுக் குழாயில் தண்ணீரை வடிக்க வேண்டும். யார் செய்வது, அந்த நேரத்தில் தீ வராமல் காவல் யார், மறுபடி அழுத்தச் சோதனை யார் பொறுப்பு? எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி பணம். “பழுதுபார்க்கும் பொறுப்பு குத்தகைதாரருடையது” என்ற வரியைப் பெரும்பாலோர் படிக்காமலே தாண்டுகிறார்கள். நல்ல பராமரிப்பில் ஒரு சில்லர் (மைய ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) சுமார் 15 முதல் 20 ஆண்டுகள், அதற்கு மேலும்கூட ஓடும். அதன் பதினேழாம் ஆண்டில் நீங்கள் ஒன்பது ஆண்டுக் குத்தகை எடுத்தால், அது உங்கள் காலத்தில்தான் கண்மூடும். பழுது நீக்குவது வேறு, புதிது வாங்குவது வேறு என்று பிரித்து எழுதாவிட்டால் புதிய சில்லரின் விலை பராமரிப்புக் கட்டணத்துக்குள் நுழைந்து உங்களிடம் வரும். கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு இயந்திரத்தின் வயதையும் பராமரிப்புப் பதிவேட்டையும் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில். குத்தகை முடியும்போது பழைய நிலைக்குத் திருப்பித் தர வேண்டும் என்று இருந்தால், பழைய நிலை எது என்பதற்கு முதல் நாளே படங்களோடு பதிவு வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட்ட பதிவு.

கட்டடம் கட்டுபவர்களும் சிரிக்க வேண்டாம். உங்கள் ஒப்பந்தங்களில் “தேவையான அனைத்து மின், இயந்திரப் பணிகளும் உட்பட” என்று ஒற்றை வரியில் ஒட்டுமொத்தத் தொகை போடுகிறீர்களே, அதில் சுவரில் ஓட்டை போடுவது யார்? குழாய் போன பிறகு அந்த ஓட்டையைத் தீத்தடுப்புப் பொருளால் அடைப்பது யார்? பம்புக்குக் கான்கிரீட் மேடை யார்? சிவில் ஒப்பந்ததாரர் மின், இயந்திரப் பணி ஒப்பந்ததாரரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார். நான் பார்த்த தகராறுகளில் இயந்திரங்களைப் பற்றியவை குறைவு. இந்த ஓட்டைகளைப் பற்றியவைதான் அதிகம். (கட்டடக்கலை நண்பர்களிடம் ஒன்று: குழாய்கள் தளம் தளமாக ஏறிப்போகும் ஷாஃப்ட் இடத்தை வரைபடத்தின் கடைசித் திருத்தத்தில் பாதியாக்கிவிட்டு, காற்று போகும் டக்ட்டை வளைத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லாதீர்கள்.)

வடிவமைப்புப் பொறுப்பையும் தெளிவாக்குங்கள். ஆலோசனைப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிடிக் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தங்களில் சிவப்புப் புத்தகம் உரிமையாளர் தரும் வடிவமைப்பின்படி கட்டுவதற்கானது. மஞ்சள் புத்தகத்தில் ஒப்பந்ததாரரே வடிவமைத்து, ஒப்பந்தத்தில் சொன்ன நோக்கத்துக்குப் பொருந்தும்படி முடித்துத் தர வேண்டும். சிவப்பில் கையெழுத்திட்டுவிட்டு மஞ்சளை எதிர்பார்த்தால், ஏசி குளிராதபோது “உங்கள் ஆலோசகர் வரைந்தபடிதான் போட்டோம்” என்பார் ஒப்பந்ததாரர். அவர் சொல்வது நியாயம்.

சோதனையோட்டம் இன்னொரு தலைவலி. நிரந்தர மின் இணைப்பு வராமல் சில்லரை ஓட்டிப் பார்க்க முடியாது. இணைப்பு வாங்கித்தரும் கடமை யாருடையது, சோதனைக்கு ஆகும் மின்கட்டணம் யாருடையது என்று எழுதாத திட்டங்களில், முடிந்த கட்டடம் பூட்டியே கிடக்கும். காலிக் கட்டடத்தில், குளிர்ந்த நாளில் சில்லர் ஓடினால் அது எதையும் நிரூபிப்பதில்லை. உள்ளே ஆளும் இல்லை, வெப்பமும் இல்லை. உண்மையான கோடைச் சுமையில் மறுசோதனை செய்ய ஒரு பிரிவு வேண்டும். ஃபிடிக் மஞ்சள் புத்தகம் இதற்காகவே 9ஆம் பிரிவில் முடிவுநேரச் சோதனைகளையும், 12ஆம் பிரிவில் முடிந்த பிறகான சோதனைகளையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. 12ஐ அடித்துவிட்டுக் கையெழுத்திடும் புத்திசாலிகளையும் பார்த்திருக்கிறேன்.

உத்தரவாதத் தேதிகளைச் சரிபாருங்கள். ஒப்பந்ததாரரின் குறைநீக்கப் பொறுப்புக் காலம் கட்டடம் ஒப்படைத்த நாளில் தொடங்கும். இயந்திரத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் சரக்கு வந்த நாளிலேயே தொடங்கிவிடலாம். கட்டடம் ஓராண்டு தாமதமானால், பெட்டி பிரிக்கும் முன்பே உத்தரவாதம் முடிந்திருக்கும்.

ஒப்படைப்பின்போது சாவிக்கொத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கைகுலுக்காதீர்கள். கட்டியபடியான வரைபடங்கள், சோதனைச் சான்றுகள், பராமரிப்புக் கையேடுகள், காற்றையும் தண்ணீரையும் சமன்செய்த அளவீடுகள் அனைத்தும் வந்த பிறகே இறுதித் தவணை. கட்டடத்தை மேற்பார்க்கும் கணினி அமைப்பின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மென்பொருள் நகலையும் அந்தப் பட்டியலில் தனி வரியாகச் சேருங்கள். அவை ஒப்பந்ததாரரிடமே தங்கிவிட்டால், ஏசி ஓடும் நேரத்தை அரைமணி மாற்றுவதற்குக்கூட ஒவ்வொரு முறையும் அவருக்கே பணம் கட்டிக் கூப்பிட வேண்டியிருக்கும்.