ரொபெஷ்பில்ஸேட்டா: பார்டர் டவுனுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்?

பார்டர் டவுன்னு சொன்னதும் நமக்கு செக்போஸ்ட்டும் லாரி வரிசையும்தான் ஞாபகம் வரும். ஐரோப்பால இருக்கற லாட்வியாங்கற நாட்டோட மொழில இதுக்கு ரொபெஷ்பில்ஸேட்டான்னு ஒரு வார்த்தை. வாயில நுழையலன்னா உடைச்சுப் பாருங்க, ரொபெஷான்னா எல்லை, பில்ஸேட்டான்னா நகரம், அவ்ளோதான்.

இதுல ரொபெஷாதான் சுவாரஸ்யம். ரொப்ஸ்னா அந்த மொழில வெட்டுத்தழும்பு, கட்டைல கத்தி வச்சு ஒரு கொத்து கொத்துனா விழுற பள்ளம். காட்டுக்குள்ள கல்லு நட வசதியில்லாத இடத்துல உன் நிலம் இதுவரைக்கும்னு மரத்துல வெட்டி அடையாளம் வைப்பாங்க, அந்த வெட்டோட சொந்தம்தான் எல்லைங்கற வார்த்தை. ரஷ்ய மொழில எல்லைக்கு சொல்ற ருபேஷுக்கும் வேர் வெட்டுதான், யாருகிட்ட இருந்து யாரு வாங்குனாங்கன்னு மொழியாராய்ச்சிக்காரங்க அடிச்சுக்கட்டும்.

பில்ஸேட்டா இன்னும் ரெண்டா பிரியும். பில்ஸ்னா கோட்டை, ஸேட்டான்னா வேலி போட்ட முற்றம். இந்த பில்ஸுக்கு கிரேக்கத்துல ஒண்ணுவிட்ட அண்ணன் போலிஸ், சமஸ்கிருதத்துல புர். அந்த புர் வழியா நமக்கு வந்ததுதான் புரம், அதனால காஞ்சிபுரத்தோட வாலும் லாட்வியக் கோட்டையும் தூரத்துச் சொந்தம்னு தைரியமா சொல்லலாம்.

சரி, இந்த வார்த்தைக்கு ஒரு ஊரை காட்டணும்னா வால்காவை விட பொருத்தமான ஊர் இல்ல. லாட்வியத் தலைநகர் ரீகால இருந்து வடகிழக்கே சுமார் 160 கிலோமீட்டர், லாட்வியாவோட வட விளிம்பு. ரோட்டை தாண்டுனா அந்தப் பக்கம் வால்கா, அது எஸ்டோனியா. ஒரே பேர்தான், லாட்வியக்காரன் ‘க’வை அழுத்தி சொல்வான், எஸ்டோனியன் லேசா சொல்வான், தமிழ்ல எழுதுனா ரெண்டும் ஒண்ணாயிடுது, நம்ம எழுத்துக்கு அந்த பார்டரே கிடையாது பாருங்க. ஜெர்மன்காரங்க காலத்துல இது மொத்தமும் வால்க்ங்கற ஒரே ஊர், 1286லயே பதிவேட்டுல பேர் வந்துருச்சு, 1584ல போலந்து ராஜா ஸ்டீபன் பாத்தோரி நகர உரிமை கொடுத்தார், 1880கள்ல ரயில் வந்ததும் ஊர் மளமளன்னு வளர்ந்துச்சு. 1917 கடைசில லாட்வியத் தேசியவாதிங்க தங்களோட தற்காலிக தேசிய மன்றத்தை கூட்டுனதும் இங்கதான்.

அப்புறம் ரெண்டு நாடும் சுதந்திரம் வாங்கிட்டு ஊர் எனக்குத்தான்னு மல்லுக்கு நின்னாங்க. பேசி தீரல, மத்தியஸ்தத்துக்கு ஸ்டீபன் டாலண்ட்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி வந்தார், 1920ல ஊரை குறுக்கால பிரிச்சுட்டார். நடு ஊரும் ரயில்வே ஸ்டேஷனும் எஸ்டோனியாவுக்கு, ஓரத்துல ஒரு துண்டு லாட்வியாவுக்கு. ஒரு இடத்துல எல்லை சின்ன ஓடை வழியா போகுது, எஸ்டோனியன்ல அது கொன்னஒயா, லாட்வியன்ல வார்ஷுபீட்டே, ரெண்டுக்கும் அர்த்தம் தவளை ஓடைதான். ஒண்ணு இந்தோ ஐரோப்பிய மொழி, இன்னொண்ணு ஃபின்னிஷ் கூட்டம், ஒட்டோ உறவோ கிடையாது, ஆனா தவளை ரெண்டு பேருக்கும் பொது.

சோவியத் காலத்துல அந்தக் கோடு பேருக்குத்தான் இருந்துச்சு. 1991க்கு அப்புறம் வேலியும் பாஸ்போர்ட் சோதனையும் வந்துச்சு, பக்கத்து தெருவுல இருக்கற சொந்தக்காரங்களை பாக்கவே பாஸ்போர்ட் எடுத்துட்டு போற நிலைமை. 2007 டிசம்பர் 21ல ரெண்டு நாடும் ஷெங்கன்ல, அதாவது பாஸ்போர்ட் சோதனை இல்லாம போய்வர்ற ஐரோப்பிய நாடுகளோட கூட்டத்துல, சேர்ந்ததும் தடுப்பெல்லாம் எடுத்தாங்க. இப்ப கோட்டு மேலயே ஒரு ஊஞ்சல் கட்டி வச்சிருக்காங்க, முன்னால போனா ஒரு நாடு, பின்னால வந்தா இன்னொரு நாடு. எஸ்டோனியன்ல எல்லைக்கு என்ன வார்த்தை தெரியுமா, பீர். நெசமாத்தான். 2017ல எஸ்டோனியா பீருக்கு வரிய தாறுமாறா ஏத்துனப்போ அங்க இருக்கறவங்க காரை எடுத்துட்டு பீரை தாண்டி பீர் வாங்க வந்தாங்க, ஆனா அவங்க மொழில குடிக்கற பீர் வேற வார்த்தை, அதனால இந்த ஜோக் அவங்களுக்கு புரியாது.

இப்ப தமிழுக்கு வருவோம். எல்லைங்கறதுல வெட்டு வாசனையே இல்ல. சங்கப் பாட்டுல ‘எல்லையும் இரவும்’னு வந்தா பகலும் ராத்திரியும்னு அர்த்தம், எல்னா வெளிச்சம். அந்த எல்லையும் இந்த எல்லையும் ஒரே வார்த்தைதானான்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். சோழர் செப்பேடுல தானம் கொடுத்த நிலத்துக்கு ‘பெருநான்கெல்லை’ன்னு நாலு பக்கமும் சொல்லுவாங்க, அது நம்ம அர்த்தம். வரப்பு, வரம்பு எல்லாம் மண்ணை மேல கூட்டுறது, ரொபெஷா உள்ள வெட்டுறது, அதனால அது ஒத்துவராது.

பேப்பர்ல ‘எல்லைப்புற நகரம்’னு போடுவாங்க, தப்பில்ல, ஆனா ற போடணும். ர போட்டு எல்லைப்புரம்னு எழுதுனா பிழை, ஆனா லாட்விய வார்த்தையோட நேர் மொழிபெயர்ப்பு அந்தப் பிழைதான்னு நினைச்சா சிரிப்பு வருது. என் ஓட்டு எல்லையூருக்கு, சின்னதா இருக்கு, சொல்லவும் வருது.

வால்காவை மட்டும் இரட்டை நகரம்னு எழுதாதீங்க. ஹைதராபாத்தும் செகந்திராபாத்தும் ரெண்டா இருந்து ஒட்டுனது, இது ஒண்ணா இருந்து வெட்டுப்பட்டது.