பின்லாந்தாக்கலா, பின்லாந்தாதலா?

உக்ரைன் பற்றிய கட்டுரைகளில் ‘ஃபின்லாண்டைசேஷன்’ என்ற சொல் வந்தால், ‘பின்லாந்துமயமாக்கல்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பொருத்தமாக எனக்குப் படவில்லை. ‘மயம்’ என்றால் நிறைந்திருப்பது. பின்லாந்துப் பண்பாடு எங்கோ போய் நிறைந்துவிட்டது போலத் தொனிக்கிறது. பொருளோ வேறு: வல்லரசுக்குப் பக்கத்திலிருக்கும் சிறிய நாடு, தன் கொடியும் தேர்தலும் நாடாளுமன்றமும் தன்னிடமே இருக்க, அந்த வல்லரசின் முகம் கோணாதபடி நடந்துகொள்வது.

சொல் பரவியது 1960களின் மேற்கு ஜெர்மனியில். சோவியத் ஒன்றியத்தோடு இணங்கிப்போனால் நமக்கும் இதே கதிதான் என்று எச்சரிக்க அங்கே அதைப் பயன்படுத்தினார்கள். பின்லாந்துக்காரர்களுக்கு அது வசையாகவே பட்டது. சோவியத்தோடு இரண்டு போர் நடத்தி, நிலத்தை இழந்து, நாட்டைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். 1948இல் சோவியத்தோடு போட்ட நட்பு ஒப்பந்தம் அதற்குப் பிறகு வந்தது.

நடைமுறையில் இது எப்படி இருந்தது? 1958 ஆகஸ்டில் பின்லாந்தில் பிரதமர் ஃபாகர்ஹோல்ம் தலைமையில் அமைந்த அமைச்சரவை மாஸ்கோவுக்குப் பிடிக்கவில்லை. சோவியத் தூதர் ஊருக்குப் போனார், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. வணிகப் பேச்சும் நின்றது. டிசம்பரில் அமைச்சரவை விலகிவிட்டது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. அந்தச் சில மாதங்களைப் பின்லாந்துக்காரர்கள் ‘இரவு உறைபனி’ என்கிறார்கள். அப்புறம், யாரும் கேட்காமலே வாயைக் கட்டிக்கொள்ளும் பழக்கமும் வந்தது. சோவியத் சிறைமுகாம்களைப் பற்றி ரஷ்ய எழுத்தாளர் சோல்ஜெனித்சின் எழுதிய நூலை வெளியிடாமல் பின்லாந்துப் பதிப்பகம் பின்வாங்கியது. பின்லாந்து மொழிபெயர்ப்பின் முதல் பாகம் 1974இல் சுவீடனில் அச்சானது. எனக்கு அமைச்சரவை கவிழ்ந்ததைவிட இதுதான் அதிகம் உறுத்துகிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பின்லாந்து மொழியில் இதற்கு ‘சுவொமெத்துமினென்’ என்று பெயர். சுவோமி என்பது அவர்கள் தங்கள் நாட்டை அழைக்கும் பெயர். அந்தச் சொல் தன்வினை, அதாவது அப்படி ஆகிப்போவது. தமிழிலும் அந்த வேறுபாடு இருக்கிறதே! நாடு தானே அடங்கி ஒழுகினால் ‘பின்லாந்தாதல்’. வல்லரசு இன்னொரு நாட்டை அந்த நிலைக்குத் தள்ளினால் ‘பின்லாந்தாக்கல்’. உக்ரைனுக்குப் பிறர் பரிந்துரைத்தது இரண்டாவது.

1992இல் அந்த நட்பு ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. 1995இல் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது, 2023 ஏப்ரல் 4இல் நேட்டோவிலும் சேர்ந்துவிட்டது. ரஷ்யாவோடு அதற்குள்ள சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லை இப்போது நேட்டோவின் எல்லை. எனவே இன்றைய பின்லாந்தைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லை இறந்தகாலத்தில் மட்டும் எழுதுங்கள்.