மசாலாப் படம்: சொல்லோட பொருள், வந்த வழி, தமிழ்ல அதுக்கு என்ன பேரு

"படம் எப்படி?"னு கேட்டா "சும்மா மசாலாப் படம்பா"னு சொல்லிட்டுப் போறவங்க நெறைய பேரு. அந்த 'சும்மா' தான் எனக்கு உறுத்தும். ஒரே ஆளு நாப்பது பேர அடிக்கிறது, ஜீப்பு அந்தரத்துல ரெண்டு சுத்து சுத்தி விழுறது, ஹீரோ திரும்பிக்கூடப் பாக்காம நடந்து வர பின்னாடி குடோன் வெடிக்கிறது, நடுவுல அம்மா சென்டிமென்ட், ஒரு காமெடி ட்ராக், அஞ்சாறு பாட்டு, இம்புட்டும் சேந்து வர்ற படத்துக்குத் தான் இந்தப் பேரு. பேரு வச்சவங்க மட்டம் தட்டுறதுக்குத் தான் வச்சாங்க, ஆனா காரைக்குடிப் பக்கம் பொறந்து வளந்த எனக்கு மசாலாங்கிற சொல்லு என்னைக்குமே திட்டா கேட்டதில்ல.

மொதல்ல சொல்லு எங்கிருந்து வந்துச்சுனு பாத்துருவோம். அரபியில 'மஸ்லஹா'ன்னா நன்மை, பயன். அதோட பன்மை 'மஸாலிஹ்'. வேர் ஸ-ல-ஹ, சரியா இருக்கிறது, நல்லா இருக்கிறதுனு பொருள். பாரசீகம், உருது வழியா நம்ம பக்கம் வரும்போது 'ஒரு வேலைக்குத் தேவைப்படுற சாமானுங்க'னு பொருள் மாறி மசாலாவாச்சு. அதனால தான் வடக்க இன்னைக்கும் கொத்தனார் குழைக்கிற கலவைக்குக்கூட மசாலானே பேரு. தமிழ்ல அது அடுப்படியோட நின்னுருச்சு, மசாலை, மசாலா, மசால்னு மூணு உருவத்துல புழங்குது. மசால்வடைக்கும் மசால்தோசைக்கும் அரபிக்காரன் சொல்லுனு யாரும் யோசிக்கிறது கூட இல்ல, அவ்வளவு நம்ம சொல்லாயிருச்சு. ஆக அடிப்படைப் பொருள் காரமோ கலப்படமோ கிடையாது, 'பயன்படுற பொருள்' தான் அடிப்படை. இத மனசுல வச்சுக்கங்க.

சினிமாவுக்கு இந்தப் பேரு வந்தது 1970-கள்ல, ஹிந்திப் பக்கம் இருந்து. 1973-ல நாசிர் ஹுசைன் டைரக்‌ஷன்ல, சலீம்-ஜாவேத் எழுத்துல வந்த 'யாதோன் கி பாராத்'தைத் தான் மொதல் மசாலாப் படம்னு சினிமா வரலாறு எழுதுற பலரும் சொல்றாங்க. ஆனா சரக்கு அதுக்கு ரொம்ப முந்தியே இருந்துச்சு. 1935-லயே பம்பாய்ல வாடியா மூவிடோன் எடுத்த 'ஹன்டர்வாலி'ல நடிகை நாடியா சாட்டையைச் சுழட்டி ஆம்பளைங்களத் தூக்கிப் போட்டாங்க, அப்ப அதுக்குப் பேரு ஸ்டண்ட் படம். ஸ்டண்ட்ங்கிறது 19-ம் நூற்றாண்டு கடைசியில அமெரிக்கக் காலேஜ் பசங்க வெளையாட்டுப் பேச்சுல புழங்கின சொல்லு, சவாலுக்குச் செஞ்சு காட்டுற வித்தைனு அர்த்தம். நம்ம படத்து டைட்டில்ல அத 'சண்டைப் பயிற்சி'னு போடுவாங்க. எவ்வளவு நல்ல தமிழ் பாருங்க, சண்டைங்கிறது பயிற்சியில வர்ற கலைனு அந்த ரெண்டு சொல்லுலயே இருக்கு.

இப்ப எங்க ஊரு மசாலாவுக்கு வர்றேன், ஏன்னா 'மசாலா'னா கையில கெடச்சத எல்லாம் அள்ளிக் கொட்டுறதுனு நெனைக்கிறவங்க ஆச்சிமாரு வறுக்கிறதப் பாத்திருக்க மாட்டாங்க. மல்லிக்கு ஒரு சூடு, மிளகுக்கு ஒரு சூடு, சோம்பு பொசுக்குனு கருகிரும்னு அதக் கடைசியில போட்டு ஒடனே எறக்கணும், வரமிளகாய தனியா வறுக்கணும். அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, கல்பாசி எல்லாம் வாசத்துக்கு அளவா. கல்பாசி ஒரு சிட்டிகை கூடுனா கொழம்பு கசந்துரும். சண்டைக் காட்சியும் இதே கணக்குத் தான். ஹீரோ மொதல்ல மூணு அடி வாங்கணும், ஒதட்டுல ரத்தம் வரணும், அதக் கட்டை விரலால தொட்டுப் பாக்கணும், ஒரு நிமிஷம் மியூசிக் நிக்கணும், அப்புறம் தான் திருப்பி அடிக்கணும். அந்த வரிசைய மாத்துனா தியேட்டர்ல ஒரு விசில் வராது. மோசமான மசாலாப் படம்னு நாம சொல்றதெல்லாம் பெரும்பாலும் இந்த அளவும் வரிசையும் தப்புன படங்க தான், மிகை அதிகமா இருக்குங்கிறது அதோட குத்தம் இல்ல.

இந்தக் கணக்கு தெரிஞ்ச ஆளுங்க எங்க பக்கத்துல இருந்து போனதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. ஏ.வி.எம். கம்பெனிய ஆரம்பிச்ச ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர், ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ஸ்டுடியோவ காரைக்குடிக்கே கொண்டு வந்து தேவகோட்டை ரோட்டுல வச்சு படம் எடுத்தாரு, 1947-ல வந்த 'நாம் இருவர்' அங்க எடுத்தது தான். அப்புறம் தான் கோடம்பாக்கம். 1979-ல அவர் காலமானதுக்கப்புறம் மகன்கள் எடுத்தது 1980-ல வந்த 'முரட்டுக்காளை'. டைரக்டர் எஸ்.பி. முத்துராமன் காரைக்குடிக்காரர், எழுதுன பஞ்சு அருணாசலம் சிறுகூடல்பட்டிக்காரர். ஓடுற ரயிலு மேல ரஜினி போடுற அந்தச் சண்டைய அமைச்சவர் ஜூடோ கே.கே. ரத்தினம். அதுவரைக்கும் ஹீரோவா நடிச்ச ஜெய்சங்கர வில்லனாக்குனது ஒரு அளவு, ரயில் சண்டைய வச்ச எடம் இன்னொரு அளவு. அதே கம்பெனி, அதே டைரக்டர், 1982-ல கமலை வச்சு 'சகலகலா வல்லவன்'. இன்னைக்கு டிவியில போட்டாலும் சேனல மாத்தாம பாக்குற வீடு எத்தனையோ இருக்கு.

சரி, தமிழ்ல என்னனு சொல்றது? மசாலாவுக்கு நேரா 'சம்பாரம்'னு அகராதியில ஒரு சொல்லு இருக்கு, ஆனா அது வடமொழியில இருந்து வந்தது, இன்னைக்குப் பேச்சுலயும் இல்ல. கடைச்சரக்கு, கறிச்சரக்குனு சொல்லலாம், சமையலுக்கு அது போதும், 'கறிச்சரக்குப் படம்'னு சொன்னா ஒருத்தருக்கும் புரியாது. பத்திரிகையில 'ஜனரஞ்சகப் படம்'னு எழுதுவாங்க, ஜனங்கள மகிழ்விக்கிறதுனு பொருள், நல்ல பொருள் தான், ஆனா அதுவும் வடசொல், போக ஒரு நல்ல குடும்பக் கதையும் ஜனரஞ்சகமா இருக்கலாமே. 'வணிகப் படம்'ங்கிறது வசூலப் பத்தின சொல்லு, படத்தோட குணத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல. 'மாஸ் படம்'ல மாஸ்னா கூட்டம், இப்ப அது ஹீரோவோட மிடுக்குக்கு ஆகிப்போச்சு.

இதெல்லாம் வர்றதுக்கு முந்தி எங்க ஊர்ப்பக்கம் டூரிங் கொட்டகை காலத்துல சனங்க கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு தான், "சண்டப்படமா, குடும்பப்படமா?" எங்க ஆயா அப்படித் தான் கேக்கும், சண்டப்படம்னு சொன்னா மொதல்ல கெளம்புறதும் அது தான். பேச்சுவழக்குக்கு இத விடப் பொருத்தமான சொல்லு வேணுமானு எனக்குத் தோணல. ஒரே குறை, அதுல பாட்டும் காமெடியும் அம்மாவும் அடங்கல.

இங்கிலீஷ்ல இப்படி மிகையா இருக்கிற படங்கள ரசிக்கிறதுக்கு 'கேம்ப்'னு ஒரு சொல்லு வச்சிருக்காங்க. 1909-லயே பதிவான சொல்லு, 1964-ல அமெரிக்க எழுத்தாளர் சூசன் சோன்டாக் அதப் பத்தி எழுதுன கட்டுரைக்கப்புறம் ரொம்பப் பிரபலம். சீரியசா எடுக்கப் போயி எல்லை மீறிப் போச்சு, அந்த மீறலையே ஒரு அழகா ரசிக்கிறதுனு ஏறக்குறைய சொல்லலாம். நம்மூர்ல கேம்ப்னா முகாம், ஆபீசர் கேம்ப் போயிருக்காருனு தான் அர்த்தம் வரும், அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ரசனைல பாக்குறவன் படத்துக்கு வெளிய நின்னு பாக்குறான். காரைக்குடி தியேட்டர்ல மொத நாள் காட்சியில யாரும் வெளிய நிக்கிறதில்ல. ஒரு மனுசன் நாப்பது பேர அடிக்க முடியாதுனு அங்க இருக்குற எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் அவன் அடிக்கணும்னு மனசார ஆசைப்படுறாங்க, அந்த ஆசையில ஒரு துளி கூட கேலி இல்ல. நெலத்தப் புடுங்குனவன், வட்டிக்கு மேல வட்டி போட்டவன், ஊருக்குள்ள ஆட்டம் போட்டவன், அவன் நெசத்துல என்னைக்கு அடி வாங்குனான்? திரையில தான் வாங்குறான், அதுவும் ஒடனே.

இப்படி மிகையாச் சொல்றதுக்கு நம்ம இலக்கணத்துலயே பேரு இருக்கு, ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, உயர்வு நவிற்சி அணி. நவில்னா சொல்லுறது, நவிற்சி அதுல இருந்து வந்தது. ஒரு பொருள உள்ளபடி சொன்னா இயல்பு நவிற்சி, மிகுத்துச் சொன்னா உயர்வு நவிற்சி. அணிகளப் பத்தின பழைய இலக்கண நூல் தண்டியலங்காரம் முன்னதத் தன்மை அணினும் பின்னத அதிசய அணினும் சொல்லுது, அதிசய அணி உலக வரம்பைக் கடக்காம ஆன்றோர் வியக்குற மாதிரி இருக்கணும்னு ஒரு அளவும் வைக்குது. நான் மேல சொன்ன கல்பாசிக் கணக்கு இது தான்.

பரணினு ஒரு இலக்கிய வகையே இதுக்காக இருக்கு. போர்க்களத்துல ஆயிரம் யானைய வென்றவனுக்குப் பாடுறது பரணினு பாட்டியல் இலக்கணம் சொல்லுது. ஒரு யானை இல்ல, ஆயிரம்! 12-ம் நூற்றாண்டுல ஜெயங்கொண்டார் பாடுன கலிங்கத்துப்பரணியில சண்டை முடிஞ்ச களத்துல பேயெல்லாம் கூடி, செத்தவங்க பல்ல அரிசியாக்கி, யானைத் தந்தத்த உலக்கையாக்கிக் குத்தி, கூழ் காச்சிக் காளிக்குப் படைச்சுத் தானும் குடிக்குதுங்க. பயமும் சிரிப்பும் வீரமும் ஒரே பந்தியில. நடுவுல பேய்க பாட்டு வேற பாடுதுங்க, அப்பவே பாட்டு உண்டு.

கம்பனும் அப்படித் தான். சா. கணேசன் 1939-ல காரைக்குடியில கம்பன் கழகம் ஆரம்பிச்சாரு, பங்குனியில விழா நடக்கும், அங்க ராமன் வில்ல ஒடிக்கிற பாட்டு வந்தா கூட்டம் அப்படியே நிமிந்து உக்காரும். இமைக்காம பாத்துக்கிட்டு இருந்தவங்க கூட அவன் வில்ல காலால மிதிச்சதையும் நாண் பூட்டுனதையும் பாக்கல, 'எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்'. எடுத்ததப் பாத்தாங்க, ஒடிஞ்சதக் காதால தான் கேட்டாங்க. நடுவுல இருக்குறத வெட்டிட்டு நேரா சத்தத்துக்குப் போறாரு பாருங்க, எந்த எடிட்டருக்கும் இது பாடம். ஹீரோ கை ஓங்குறதக் காட்டிட்டு அடுத்த ஷாட்ல வில்லன் செவத்த ஒடச்சுக்கிட்டுப் போறதக் காட்டுறாங்களே, அதுவும் இதே முறை தான், இது தற்செயலா நடக்குதுனு என்னால நம்ப முடியல.

சினிமாவுல இந்த நவிற்சிய உண்டாக்குறதுக்கு எவ்வளவு ஒழைப்புனும் சொல்லணும். பிலிம் காலத்துல செகண்டுக்கு 24 பிரேம் தான் சாதாரண ஓட்டம், அதக் கொறச்சுச் சுட்டா திரையில ஆளு விறுவிறுனு வேகமா அடிப்பான், கூட்டிச் சுட்டா ஸ்லோமோஷன். இப்ப ரோப் கட்டித் தூக்கிட்டு கம்ப்யூட்டர்ல ரோப்ப அழிக்கிறாங்க. ஆனா பறந்து போயி விழுற ஒடம்பு நெச ஒடம்பு. ஹீரோவுக்குப் பதிலா கண்ணாடிய ஒடச்சுக்கிட்டுக் குதிக்கிற டூப்பு, ஒரே படத்துல பத்துத் தடவ செத்து எந்திரிக்கிற ஃபைட்டரு, கை கால் ஒடிஞ்சவங்க இருக்காங்க, உயிரே விட்டவங்களும் இருக்காங்க. 'லாஜிக்கே இல்ல'னு நாம ஒரு வரியில முடிக்கிற காட்சிக்குப் பின்னாடி இவங்க இருக்காங்க, டைட்டில்ல 'சண்டைப் பயிற்சி'னு வர்ற அந்தப் பேருங்கள ஒரு தடவையாவது படிங்க.

அதனால என் பரிந்துரை இது. பேசும்போது சண்டைப்படம்னு சொல்லுங்க, எழுதும்போது உயர்வு நவிற்சிப் படம்னு எழுதுங்க, யதார்த்தப் படம்னு சொல்றதுக்கு இயல்பு நவிற்சிப் படம்னு ஏற்கனவே ஒரு சோடி கெடச்சிருது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மேலயும் இல்ல கீழயும் இல்ல. மசாலாங்கிற சொல்லு வேணும்னாலும் வச்சுக்கங்க, 'பயன்படுற பொருள்'னு அதோட மூலப்பொருள் தெரிஞ்சு வச்சுக்கிட்டாச் சரி. அப்படி எழுதும்போது மசாலாப் பொடிக்குப் போடுற மாதிரியே நடுவுல ஒரு 'ப்' போட்டு மசாலாப் படம்னு எழுதுங்க.