பியர்-டு-பியர்: ‘சகபாடி’யை விடுங்கள், ‘நிகர்’ இருக்கிறது

கணினிகள் தமக்குள் நேரடியாகக் கோப்பைப் பகிர்வதுதான் ‘பியர்-டு-பியர்’. அதில் சேரும் ஒவ்வொரு கணினியும் ஒரு ‘பியர்’. கணினிக் குறிப்புகளில் ‘சகபாடிகளிடமிருந்து இற்றைப்படுத்தல்’ (அப்டேட்) என்று இனியும் எழுதாதீர்கள். ‘பியர்’ என்பதன் வேர் லத்தீன் ‘பார்’, பொருள், சமம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘சகபாடி’ வடமொழிச் சொல். கூடப் படிப்பவர் என்று பொருள். கல்வியியலில் மாணவர் குழுவைச் சொல்ல அது பொருந்தும். அங்கிருந்து அப்படியே தூக்கிக் கணினிக்குச் சூட்டியதுதான் பிழை. கணினி யாரோடு கூடப் படித்தது?

வழங்கி (சேர்வர்) கொடுக்கும், மற்றவை வாங்கும் என்பது பழைய முறை. பியர்-டு-பியரில் வாங்கிய கணினியே அடுத்ததற்குக் கொடுக்கவும் செய்கிறது. இந்தச் சமநிலையைச் சொல்ல ‘நிகர்’ இருக்கிறது: நிகர்க்கணினி, நிகரிடைப் பகிர்வு. ‘நிகர இலாப’த்தோடு குழம்பும் என்பார்கள். கணக்கேட்டையும் கணினியையும் ஒரே வரியில் யார் எழுதப்போகிறார்கள்?

தவறான சொல்லால் காசும் போகிறது. ஹட்டனில் 20 கணினிகள், ஒரே 4ஜி ரவுட்டர் உள்ள பாடசாலைக் கூடம் ஒன்றை எடுங்கள். 1 ஜிபி இற்றைப்படுத்தலைத் தனித்தனியே இறக்கினால் 20 ஜிபி டேட்டா. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ள, இற்றைப்படுத்தலைக் கணினிகளுக்கிடையே பகிரும் டெலிவரி ஒப்டிமைசேஷன் என்ற அமைப்பில் உள்ளூர் வலையமைப்பை மட்டும் தெரிவுசெய்து, முதலில் ஒரே கணினியில் இறக்கி முடியுங்கள். அதை அணைக்காமல் விட்டு மற்றவற்றைத் தொடங்கினால் பெரும்பகுதி கூடத்துக்குள்ளேயே கைமாறும். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினால் இந்த மிச்சம் குறையும். இறக்கிய கோப்பு பொதுவாக 3 நாள்தான் பகிர்வுக்கு இருக்கும். 4 ஜிபிக்குக் குறைந்த ரெம் உள்ள கணினி பகிர்வில் சேராது. இந்தப் பகிர்வு நடக்கும் 7680ஆம் போர்ட்டை (இணைப்பு வாயிலை) ஃபயர்வோல் மறித்தாலோ, வைஃபை ஒன்றையொன்று காணாதபடி பிரித்து வைத்தாலோ பகிர்வே நடக்காது.

அருகிலேயே ‘இணையத்திலுள்ள கணினிகளும்’ என்றொரு தெரிவு உண்டு. ‘சகபாடி’ என்று படித்தவர் பக்கத்து மேசைக் கணினி என்று நினைத்து அதை அழுத்துவார். அதன்பின் முகம் தெரியாதவரின் கணினிக்கும் கூடத்து டேட்டா மேலேறும். வந்துசேரும் கோப்புத் துண்டுகள், மைக்ரோசொஃப்ட் தரும் ஹாஷ் மதிப்போடு (கோப்பின் கைரேகை போன்ற எண்) சரிபார்க்கப்படுவதால் கோப்பில் கலப்படம் நுழையாது. டேட்டா போவது போவதுதான்.

அகராதியின் முதல் வரியோடு நிறுத்தும் மொழிபெயர்ப்பாளர்களே இதற்குக் காரணம். வழங்கியிடம் கேட்டு வாங்கும் ‘கிளையன்ட்’ மென்பொருளை ‘வாடிக்கையாளர்’ என்று எழுதியவர்களும் இவர்களே. அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெயர் வைக்கட்டும். ‘நிகர்’ வழக்குக்கு வரும்வரை ‘பியர்-டு-பியர்’ என்றே தமிழெழுத்தில் எழுதலாம். அது யாரையும் தவறான பொத்தானை அழுத்த வைக்காது.