போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டர்

காரைக்குடிப் பக்கம் கோடையில் காரின் சூட்டு முள் ஏறினால் பழி முதலில் வெயிலின் மேல்தான் விழும். அதற்குச் சில நாள் முன்பு ரேடியேட்டர் ஹோஸ் (ரப்பர் குழாய்) மாற்றிய பட்டறை யாருக்கும் நினைவு வருவதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் வெயிலின் பங்கு அவ்வளவு பெரிதில்லை. எஞ்சினைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சுமார் 90 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. வெளிக்காற்று 30 டிகிரி என்றால் இடைவெளி 60. வெளிக்காற்று 40 என்றால் 50. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் இந்த இடைவெளியைப் பொறுத்தது. ஆக, பத்து டிகிரி வெயில் கூடினால் அதன் திறன் ஆறில் ஒரு பங்கு குறையும். நம் நாட்டுச் சாலைக்கென்று செய்த காரில் இதைத் தாங்கும் அளவுக்குக் கூடுதல் திறன் கைவசம் இருக்கும். நல்ல நிலையில் உள்ள கார் மே மாத நடுப்பகலிலும் தேவகோட்டைக்குச் சும்மா போய் வரும். அப்படிப் போகாமல் வேலை பார்த்த கையோடு சூடாகிறது என்றால், பெரும்பாலும் உள்ளே எதையோ ஊற்றியிருப்பார்கள், இல்லை எதையோ கழற்றியிருப்பார்கள்.

ஊற்றுவதைப் பார்ப்போம். ஹோஸ் மாற்றும்போது பழைய கூலன்ட் கீழே போய்விடும். பக்கத்தில் குழாய் இருக்கிறது. போர் தண்ணீரைப் பிடித்து நிரப்பி மூடியைத் திருகினால் வேலை முடிந்தது. நடுவழியில் ஹோஸ் வெடித்து, கிடைத்த தண்ணீரை ஊற்றி வீடு வந்து சேர்வதில் தப்பே இல்லை. அதையே நிரந்தரமாக விட்டுவிடுவதுதான் தப்பு.

போர் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். சூடு பட்டால் அது கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு, கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாகப் படியும். உப்புகளில் பெரும்பாலானவை சூட்டில் கூடுதலாகக் கரையும், இது நேர்மாறு. அதனால் எங்கே சூடு அதிகமோ அங்கேயே போய் ஒட்டுகிறது: எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள், எக்ஸாஸ்ட் வால்வுகளை ஒட்டிய குறுகலான நீர்ப்பாதைகளில். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் இருக்கும் வெள்ளைப் படிவமும் இதுதான். அலுமினியத்தைவிட இது வெப்பத்தைப் பல பத்து மடங்கு குறைவாகவே கடத்தும். எனவே முள் சரியான இடத்தில் நிற்கும்போதே ஹெட்டின் உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கலாம். முள் காட்டுவது தண்ணீரின் சூட்டை, உலோகத்தின் சூட்டை அல்ல.

அடுத்தது அரிமானம். அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருந்து அதைக் காக்கிறது. தண்ணீரில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே உடைத்துக் குழி பறிக்கும். பல எஞ்சின்களில் அடிப்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரும்பின் மின்வாய் மின்னழுத்தம் −0.44 வோல்ட், அலுமினியத்தினுடையது −1.66 வோல்ட். இரண்டும் ஒட்டி நிற்க, நடுவே உப்புத் தண்ணீர் ஓடினால் அது ஒரு மின்கலம்தான். கரைந்து போவது மின்னழுத்தம் குறைந்த அலுமினியம். கூலன்ட்டில் உள்ள அரிமானத் தடுப்பான்கள் இதைத்தான் நிறுத்தி வைக்கின்றன. ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத ரேடியேட்டர் குழாய்க்கு அந்தக் காவல் இல்லாமல் எத்தனை நாள் ஓடும்?

உலோகம் அரிப்பதை ஆராயும் தேசிய நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட சிக்ரிதான் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) அது. அதன் வாசலைத் தாண்டித்தான் போர் தண்ணீர் ஊற்றிய கார்களும் போய்க்கொண்டிருக்கின்றன.

முற்றத்தில் பிடித்த மழைத்தண்ணீரை ஊற்றலாமே என்று இந்த ஊரில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. சுண்ணாம்பு படியாது, ஆனால் தடுப்பான் அதிலும் இல்லை. கொதிநிலையும் இடிக்கும்: வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைக்காலும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்தால் சுமார் 107. ரேடியேட்டர் மூடி ஒரு பார் அளவுக்குக் கூடுதல் அழுத்தம் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீரே 120 வரை தாங்கும். ஆனால் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அந்தச் சலுகை போய்விடும்.

சரி, கழற்றுவது? பெரும்பாலும் தெர்மோஸ்டாட். “நம்ம ஊர் சூட்டுக்கு இது எதுக்குண்ணே” என்று எடுத்து வைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் மெழுகு 82 முதல் 88 டிகிரிக்குள் உருகி விரிந்து ரேடியேட்டருக்கு வழி திறக்கும்; பல கார்களில் அதே அசைவு, ரேடியேட்டரைத் தொடாமல் எஞ்சினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை மூடவும் செய்யும். அதை எடுத்துவிட்டால் ஒரு பங்கு கூலன்ட் ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பும். காலையில் எஞ்சின் சூடேறத் தாமதமாகும், எரிபொருள் கூடுதலாகப் போகும், மைலேஜ் விழும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை நீண்ட ஓட்டத்தில் சூட்டைக் கூட்டவும் செய்யலாம்.

பட்டறையை விட்டு வந்த அன்றோ மறுநாளோ முள் குதித்தால் சந்தேகம் ஏர் லாக் மேல். அவசரமாக நிரப்பும்போது மேட்டுப் பகுதியில் காற்று சிக்கிவிடும். வாட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளும், காற்றைத் தள்ளாது. டாஷ்போர்டுக்குப் பின்னால் களகள என்று சத்தம், ஹீட்டர் போட்டால் குளிர்ந்த காற்று, முள் ஏறி இறங்குவது, மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய உறுதி. சுண்ணாம்பும் அரிமானமும் மாதக்கணக்கில் வேலை செய்பவை. அதனால்தான் அவற்றுக்குப் பட்டறை பொறுப்பேற்பது அரிது.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் அழுத்தம் விட்டுப்போய்த் தண்ணீர் ஆவியாகப் பீறிட்டு முகத்தை வேக வைத்துவிடும். உள்ளே இருப்பது நிறமில்லாமலோ துரு நிறத்திலோ இருந்தால் முழுக்க இறக்கி, டிஸ்டில்டு வாட்டரால் ஃப்ளஷ் செய்து, கார் கையேட்டில் சொன்ன வகைக் கூலன்ட்டை ஊற்றச் சொல்லுங்கள். பச்சை, சிவப்பு என்று நிறத்தை நம்பி வாங்க வேண்டாம். நிறத்துக்கு எந்தப் பொது விதியும் இல்லை. அப்புறம் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்திக் காற்றை எடுக்க வேண்டும்.

அதன் பிறகும் அளவு குறைந்துகொண்டே போனால் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். கூலன்ட் டேங்க்கின் வாயில் நீல நிறத் திரவம் உள்ள குழாயை வைத்து ஆவியை உறிஞ்சுவார்கள். எஞ்சினுக்குள் எரிந்த வாயு கசிந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அந்த நீலத்தை மஞ்சளாக்கும். மஞ்சளானால் காரை ஓட்டி வராமல் தூக்கி வருவதே மேல்.

பட்டறைக்காரரிடம் பேசப் போகிறீர்கள் என்றால் ஃப்ளஷ் செய்யும் முன்பே, வடியும் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி வையுங்கள். பில்லில் கூலன்ட் என்று போட்டிருந்து பாட்டிலில் இருப்பது கடினநீர் என்றால் பேச்சு சுருக்கமாக முடியும். முடியாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி 2 ஆண்டுக்குள் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனுக் கொடுக்கலாம். பில், கழற்றிய பழைய பாகங்கள், இன்னொரு பட்டறையில் எழுதி வாங்கிய அறிக்கை எல்லாவற்றையும் பாட்டிலோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்.