தட்டில் தலை, தீனிப்பை காலி

கொத்திக்கொண்டே இருக்கிற கோழி நன்றாகத் தின்கிறது என்றுதான் நினைப்போம். என்னிடம் வந்த ஒரு பெட்டைக்கோழியைப் பற்றியும், "நாள் முழுக்கத் தீனித் தட்டுலதான் நிக்குது டாக்டர், ஆனா உடம்பே ஏறல" என்றார் வளர்த்தவர். அதன் மேல் அலகு இடப்பக்கமும் கீழ் அலகு வலப்பக்கமும் விலகி, பாதி திறந்த கத்தரிக்கோல் மாதிரி இருந்தது. ஒரு பிடி குருணைத் தீவனம் வைத்துப் பார்த்தோம். பத்துத் தடவை கொத்தினால் ஒன்றிரண்டு குருணைதான் உள்ளே போனது, மற்றதெல்லாம் சிதறியது. இறகை விலக்கித் தொட்டால் நெஞ்செலும்பு கத்தி முனையாகக் கையில் பட்டது.

அதனால் இப்படி அலகு கோணிய கோழிகளைக் கண்ணால் எடை போடாதீர்கள். சாயங்காலம் கோழி கூட்டில் அடைந்த பிறகு, கழுத்துக்கு அடியில் சற்றே வலப்பக்கமாக உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். பொம்மென்று இருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் அன்று பட்டினி. வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதி வையுங்கள்.

குஞ்சாக இருக்கும்போது நேராக இருந்த அலகு வளர வளரத்தான் பெரும்பாலும் கோணும். பரம்பரை, அடைகாப்பில் வெப்பக் கோளாறு, சத்துக் குறைவு, சின்ன வயதில் பட்ட அடி என்று காரணங்கள் பல. கோணி வளர்ந்துவிட்ட அலகைச் சத்து மருந்து நிமிர்த்தாது. அந்தக் கோழியின் முட்டையைச் சாப்பிடலாம், அடைக்கு மட்டும் வைக்காதீர்கள்.

நுனியால் பொறுக்க முடியாத கோழி அள்ளித்தான் தின்ன வேண்டும். தூள் தீவனத்தைத் தண்ணீர் விட்டுக் கெட்டிக் கூழ் பதத்தில் பிசைந்து, குழிவான கிண்ணத்தில் வையுங்கள். கிண்ணத்தைச் செங்கல் மேல் ஏற்றி, கோழியின் முதுகு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர்ப் பாத்திரமும் அலகு மூழ்கும் ஆழத்தில் இருக்கட்டும். தனியாக விட்டுத்தான் தீனி போட வேண்டும், இல்லாவிட்டால் மற்றவை வந்து காலி செய்துவிடும். மீந்த கூழ் சீக்கிரம் புளித்துவிடும், எடுத்துக் கொட்டிவிடுங்கள். அலகில் ஒட்டிக் காய்ந்ததைத் துடைத்து விடுங்கள், விட்டால் அடியில் புண்ணாகும். பாவம் என்று வாயில் கஞ்சியை ஊற்றுவதுதான் ஆபத்து: மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது.

அலகு நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். கோணியதில் மேலும் கீழும் உரசாததால் நுனி நீளும். டார்ச் வெளிச்சத்தில் ரத்தம் ஓடும் இடம் சிவப்பாகத் தெரியும். அந்த இடத்தைத் தொடாமல், நுனியை மட்டும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். முதல் தடவை மருத்துவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பண்ணைகளில் கோழிகள் ஒன்றையொன்று கொத்தாமலிருக்க அலகு நுனியை வெட்டுகிறார்களே, அது வேறு சமாச்சாரம். அப்புறம், இறகு கோத முடியாத கோழிக்குப் பேன் சேரும். ஆசனவாயைச் சுற்றி அடிக்கடி பாருங்கள்.

அலகு நேராக உள்ள கோழி திடீரென்று தின்னாமல் போனால் வாயைத் திறந்து பாருங்கள். மஞ்சள் படலமோ, நாக்கில் சுற்றிய நூலோ இருக்கலாம். படலத்தைச் சுரண்டாதீர்கள், ரத்தம் கொட்டும்.

அந்தப் பெட்டை கிண்ணத்தை மாற்றியதும் தேறிவிட்டது. இன்னொரு குஞ்சுக்கு இவ்வளவும் செய்தும் மூன்று வாரமாக எடை இறங்கிக்கொண்டே போனது. கருணைக்கொலை செய்துவிடலாம் என்றேன். வளர்த்தவர் அன்று என்னோடு பேசாமல்தான் எழுந்து போனார்.