கில்ட் கட்டிக்கொண்டு வாக்களிக்கப் போகலாமா? ஸ்காட்லாந்து விதிகள் சொல்வது என்ன

தாராளமாகப் போகலாம். கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும், கட்டம் போட்ட மடிப்புத் துணி. பிரிட்டனில் வாக்காளருக்கு உடைக் கட்டுப்பாடு என்று எதுவும் இல்லை. கில்ட், ஜீன்ஸ், வேலைக்குப் போகும் சீருடை, வேட்டி என எதில் வந்தாலும் வாக்குச்சீட்டு கிடைக்கும். ஸ்காட்லாந்தில் கல்யாணம், பட்டமளிப்பு விழா, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸைக் கொண்டாடும் ஜனவரி 25 பர்ன்ஸ் இரவு போன்ற நாட்களில் ஆண்கள் கில்ட் கட்டுவது வழக்கம். வாக்களிக்கும் நாளையும் அப்படி ஒரு நாளாக நினைத்துக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. 2014 செப்டம்பர் 18 அன்று நடந்த சுதந்திரப் பொதுவாக்கெடுப்பில் 84.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அன்று கில்ட்டோடு வரிசையில் நின்றவர்களின் படங்களும் பத்திரிகைகளில் வந்தன.

எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. இந்த உடையைச் சட்டம் போட்டுத் தடுத்த காலம் ஒன்று இருந்தது. 1746 ஏப்ரலில் கலோடன் போரில், அரசருக்கு எதிராகக் கிளர்ந்த ஜேக்கபைட் படை தோற்றபின், லண்டன் நாடாளுமன்றம் கில்ட் உள்ளிட்ட ஸ்காட்லாந்து மலைநாட்டு உடைக்குத் தடை விதித்தது. ராணுவத்தில் இருப்பவர்களைத் தவிர ஸ்காட்லாந்தில் எந்த ஆணும், சிறுவனும் அதை அணியக் கூடாது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுபடி பிடிபட்டால் ஏழு ஆண்டுகளுக்குக் கடல் கடந்த தோட்டங்களுக்கு நாடு கடத்தல். 1782இல்தான் அந்தத் தடை நீங்கியது. அப்படி ஒடுக்கப்பட்ட துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருவர் வாக்குச்சாவடிக்கு நடந்து போகிறார் என்றால், அதை வேடிக்கையாகப் பார்க்க என்னால் முடியாது.

இப்போது விதிக்கு வருவோம். வாக்குச்சாவடிக்குள் ஒழுங்கைக் காப்பது அங்குள்ள தலைமை அலுவலரின் பொறுப்பு. ரகளை செய்கிறவரை வெளியேற்ற அவருக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் 1983ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தோடு இணைந்த தேர்தல் விதிகள் அந்த அதிகாரத்துக்கு ஓர் எல்லை போட்டிருக்கின்றன. வாக்குரிமை உள்ள ஒருவர் வாக்களிக்கும் வாய்ப்பையே இழக்கும்படி அதைப் பயன்படுத்தக் கூடாது. ரகளை செய்தவருக்கே இந்தப் பாதுகாப்பு உண்டு என்றால், கில்ட் கட்டி அமைதியாக வந்து நிற்பவரை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. ஆளைப் பற்றிச் சந்தேகம் வந்தால், 'பட்டியலில் இந்தப் பெயரில் இருப்பவர் நீங்கள்தானா, இந்தத் தேர்தலில் ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்களா' என்ற மாதிரி சட்டம் வகுத்துத் தந்த கேள்விகளைத்தான் அவர் கேட்கலாம். உடையைப் பற்றிய கேள்வி அதில் இல்லை.

எந்த டார்ட்டன் கட்டம் போட்ட துணி என்பதும் உங்கள் விருப்பம்தான். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு டார்ட்டன் என்பது மரபு, சட்டமில்லை. டார்ட்டன்களுக்கு அரசின் பதிவேடு ஒன்று 2009 முதல் இருக்கிறது, ஆனால் அது யார் எதைக் கட்டலாம் என்று வரையறுப்பதில்லை. ஆகவே ஸ்காட்லாந்து வம்சாவளி இல்லாதவர்களும் தயங்க வேண்டாம். ஒரு கட்சியின் நிறம் உங்கள் டார்ட்டனில் இருந்தால் அது பிரசாரமும் ஆகாது. கட்சி வாசகம் எழுதிய பனியன் வேறு விஷயம். சாவடிக்குள் பிரசாரம் கூடாது என்பதால், அப்படி ஏதாவது போட்டிருந்தால் மேலே ஜாக்கெட்டால் மூடிக்கொள்வது நல்லது. வாசலில் கட்சி நிறத்தில் ரிப்பன் பூ குத்திக்கொண்டு நின்று உங்கள் வாக்காளர் எண்ணைக் கேட்பவர்கள் கட்சி ஆட்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கில்ட்டோடு வரும் ஒரு பொருளைப் பற்றி மட்டும் கவனமாக இருக்க வேண்டும். முழு மலைநாட்டு உடையில் வலது அல்லது இடது காலுறையின் மேல் விளிம்பில் ஒரு சிறிய கத்தியைச் செருகிக்கொள்வார்கள். அதன் பெயர் ஸ்கியான் டூ. பொது இடத்தில் கூர்முனை உள்ள கத்தி வைத்திருப்பது ஸ்காட்லாந்தில் 1995ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு விலக்கு உண்டு. ஸ்கியான் டூ மடங்காத கத்தி, எனவே அந்த விலக்கு இதற்குப் பொருந்தாது. ஆனால் தேசிய உடையின் ஒரு பகுதியாக அணிந்திருந்தால் அது தற்காப்பு வாதமாக ஏற்கப்படும் என்று அதே பிரிவு சொல்கிறது. மத காரணத்துக்கும் இதே பாதுகாப்பு உண்டு. சீக்கியர்கள் மத அடையாளமாக அணியும் கிர்பான் என்ற கத்தி அதில் அடங்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல வாக்குச்சாவடிகள் பள்ளிக்கூடங்களில்தான் அமைகின்றன. பள்ளி வளாகத்தில் கத்தி வைத்திருப்பதற்கு 49ஏ என்று தனிப் பிரிவே உண்டு. அதிலும் தேசிய உடைக்கான பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு என்றால், போலீஸ் நிறுத்திக் கேட்டபின் 'இதற்காகத்தான் வைத்திருக்கிறேன்' என்று காட்டும் பொறுப்பு உங்கள் மேல் விழுகிறது. கில்ட், காலுறை, முன்புறம் தொங்கும் ஸ்போரன் பை எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது அந்த வாதம் நிற்கும். கத்தியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்தால் நிற்காது. என்னைக் கேட்டால், குழந்தைகள் நடமாடும் இடம் என்பதால் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. பிளேடு இல்லாமல் கைப்பிடி மட்டும் உள்ள ஸ்கியான் டூவும் கடைகளில் கிடைக்கிறது. தோற்றத்துக்கு அது போதும். இங்கிலாந்தில் வசிப்பவர்களுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். அங்கும் தேசிய உடைக்கு இதே பாதுகாப்பு இருக்கிறது.

கில்ட்டில் சட்டைப்பை, கால்சட்டைப் பை மாதிரி எதுவும் கிடையாது. முன்புறம் சங்கிலியில் தொங்கும் ஸ்போரன் என்ற தோல் பைதான் மடி. அடையாள அட்டையை எடுத்து வைக்க மறந்துவிடுவது இங்கேதான் நடக்கும். எந்தத் தேர்தலுக்கு அட்டை வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதும் பலருக்குக் குழப்பம். பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலுக்குப் படம் உள்ள அடையாள அட்டை கட்டாயம். 2022ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் கொண்டுவந்த விதி இது. 2024 ஜூலை 4 அன்று முதல் தடவையாக ஒரு பொதுத்தேர்தல் இப்படி நடந்தது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலுக்கும் அங்குள்ள உள்ளாட்சித் தேர்தலுக்கும் அட்டை தேவையில்லை. பெயரையும் முகவரியையும் சொன்னால் போதும். வீட்டுக்கு வரும் வாக்காளர் தகவல் அட்டையைக் கையில் கொண்டு போக வேண்டும் என்றும் இல்லை.

அட்டை தேவைப்படும் தேர்தலில் பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஸ்காட்லாந்தின் இலவசப் பேருந்துப் பயண அட்டை எல்லாம் செல்லும். காமன்வெல்த் நாடுகளின் பாஸ்போர்ட்டும் செல்லும் என்பதால் இந்திய, இலங்கை, மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அதையே காட்டலாம். காலாவதியாகியிருந்தாலும், படம் உங்களைப் போல இருந்தால் ஏற்பார்கள். எதுவுமே இல்லாதவர்கள் வாக்காளர் அங்கீகாரச் சான்றிதழுக்கு இலவசமாக விண்ணப்பிக்கலாம். வாக்குப்பதிவுக்கு ஆறு வேலை நாட்களுக்கு முன் மாலை 5 மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். கில்ட்டோடு போடும் தொப்பியால் பொதுவாகப் பிரச்சினை வராது. முகத்தை மறைக்கும் துணி இருந்தால் மட்டும் அதை விலக்கிக் காட்டச் சொல்வார்கள். தனியான இடத்தில், கேட்டால் பெண் அலுவலர் முன்னிலையில் காட்டலாம்.

கிளாஸ்கோவிலோ எடின்பரோவிலோ படிக்க, வேலை பார்க்க வந்திருக்கும் நம்மவர்கள் பலர் தங்களுக்கு வாக்குரிமை இருப்பதையே அறிவதில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை காமன்வெல்த் நாடுகள். செல்லுபடியாகும் விசாவோடு பிரிட்டனில் வசிக்கும் இந்த நாடுகளின் குடிமக்கள் 18 வயதானால் பிரிட்டன் பொதுத்தேர்தலிலேயே வாக்களிக்கலாம். மாணவர் விசாவும் இதில் சேரும். ஸ்காட்லாந்து தேர்தல்களில் 16 வயதிலேயே வாக்கு உண்டு. 2020ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், சட்டப்படி ஸ்காட்லாந்தில் வசிக்கும் எந்த நாட்டவருக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் பட்டியலில் பெயர் தானாக ஏறாது. வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாட்களுக்கு முன் நீங்களே பதிவு செய்ய வேண்டும். இணையத்தில் சில நிமிட வேலைதான்.

அப்புறம், கில்ட் கட்டியவரிடம் 'உள்ளே என்ன' என்று கேட்பதும், துணியைத் தூக்கிப் பார்ப்பதும் விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அனுமதியின்றி ஒருவர் உடையை இழுப்பது தாக்குதல். துணிக்குக் கீழே கேமராவை நீட்டிப் படம் எடுப்பது, ஸ்காட்லாந்தின் பாலியல் குற்றச் சட்டத்தில் 2010இல் வந்த திருத்தத்தின்படி குற்றம். வரிசையில் யாராவது அப்படி நடந்துகொண்டால் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. அலுவலரிடம் சொல்லுங்கள், வேண்டுமானால் போலீசை அழையுங்கள்.

உங்கள் கில்ட்டைப் படம் எடுக்க ஆசையா? வாசலுக்கு வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே எடுத்தால் வேறொருவரின் வாக்குச்சீட்டு படத்தில் விழுந்து ரகசியம் காக்கும் விதியை மீறியதாகிவிடலாம். சாவடி காலை 7 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். எட்டு கஜம் துணியை மடிப்பு கலையாமல் கட்டி முடிக்கவே நேரமாகிவிட்டது என்றாலும் பதற வேண்டாம். 10 மணிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தால் போதும், உங்களுக்கு வாக்குச்சீட்டு கொடுத்தாக வேண்டும்.